தேறுதல் எங்கே நடக்கிறது?

துக்க வீட்டுக்குப் போய்வருகிறவரிடம், பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்தபின், ஊரில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “கொஞ்சம் தேறிட்டாங்களா?” அழுகிறார்களா என்று யாரும் கேட்பதில்லை, அழுவார்கள் என்பது தெரிந்ததுதான். சாப்பிடுகிறார்களா, தூங்குகிறார்களா, கடையைத் திறந்தார்களா என்பதையெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கிக் கேட்டுவிடுகிறார்கள். காய்ச்சலில் கிடந்தவரும் தேறுகிறார். இரண்டு முறை தோற்ற பையனும் மூன்றாவது முறை பரீட்சையில் தேறுகிறான். உளவியல் நூல்களில் இப்போது ‘மீள்திறன்’ என்று எழுதுகிறார்கள். அதைக் கேட்டால் சுவரில் அடித்துத் திரும்பி வரும் ரப்பர் பந்துதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. பந்துக்கு நேரம் தேவையில்லை. தேறுவதற்கு நேரம் வேண்டும்.

இந்தத் தேறுதல் மூளையில் எங்கே, எப்படி நடக்கிறது என்பதற்கு முழுப் பதில் கிடைத்துவிடவில்லை. ஒரு பகுதிப் பதிலாவது, வளர்ந்த மூளையில் புதிதாகப் பிறக்கும் சில நரம்புச் செல்களிடம் இருக்கிறது என்பதற்குக் கடந்த முப்பது ஆண்டுகளில் நல்ல சான்றுகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை எலிகளிடமிருந்து வந்தவை. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. ‘மூளைச் செல் வளர பத்து உணவுகள்’ என்று கைப்பேசியில் வரும் காணொளிகள் இதைச் சொல்வதில்லை.

2011இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஒரு சோதனையிலிருந்து தொடங்கலாம். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் ஜேசன் ஸ்னைடர், ஹெதர் கேமரன் குழுவினர் இரண்டு வகைச் சுண்டெலிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வகை சாதாரணமானது. இன்னொரு வகையில் மரபணு மாற்றமும் ஒரு மருந்தும் சேர்ந்து, மூளையில் புது நரம்புச் செல்கள் பிறப்பதை நிறுத்திவிட்டிருந்தன. இரண்டையும் அசைய முடியாதபடி அரை மணி நேரம் அடைத்துவைத்தார்கள். எலிக்கு இது பெரும் நெருக்கடி. ரத்தத்தில் கார்ட்டிகோஸ்டிரோன் ஏறிவிடும். மனிதரில் கார்ட்டிசோல் செய்யும் வேலையை எலியில் செய்வது அதுதான். ஏறியது, இரண்டு வகையிலும். வெளியே விட்ட பிறகுதான் வேறுபாடு தெரிந்தது. சாதாரண எலிகளில் ஹார்மோன் விரைவில் இறங்கிவிட்டது. புதுச் செல் இல்லாதவற்றில் ஆபத்து நீங்கி அரை மணி நேரம் கழித்தும் அது மேலேயே நின்றது. நெருக்கடிக்குப் பின் அவை புது இடத்தில் வைத்த உணவைத் தொடத் தயங்கின. தண்ணீரில் விட்டால் நீந்துவதைச் சீக்கிரம் கைவிட்டன. சர்க்கரைத் தண்ணீர்மேல் எலிகளுக்கு இயல்பாக உள்ள ஆசையும் குறைந்திருந்தது.

பயம் ஏறுவதைப் புதுச் செல்கள் தடுக்கவில்லை. ஏறிய பயத்தை இறக்கிவைக்கத்தான் அவை வேண்டியிருந்தன. ‘தேறுதல்’ என்ற நம் சொல்லும் அந்த இறக்கத்தைத்தான் குறிக்கிறது.

இந்த இறக்கத்துக்கும் புதுச் செல்லுக்கும் என்ன சம்பந்தம்? செல்கள் பிறக்கும் இடம் ஹிப்போகேம்பஸ். கடல்குதிரை போல வளைந்திருப்பதால் அந்தக் கிரேக்கப் பெயர். காதுக்கு உள்பக்கமாக, மூளையின் இரு பாதியிலும் ஒவ்வொன்று உண்டு. நினைவோடு சேர்த்து அதைப் பேசுவது வழக்கம். அதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, அட்ரினல் என்ற மூன்றும் சங்கிலியாக இயங்கி நெருக்கடி ஹார்மோனைச் சுரக்கவைக்கின்றன. அந்தச் சங்கிலிக்குப் போதும் என்று சொல்கிறவற்றில் ஹிப்போகேம்பஸும் ஒன்று. அதற்குள் டென்டேட் கைரஸ் என்று பல்வரிசை போன்ற ஒரு மடிப்பு. வளர்ந்த எலியின் ஹிப்போகேம்பஸில் புது நியூரான்கள் பிறப்பது அந்த மடிப்பின் விளிம்பில்தான். இளம் எலி ஒன்றில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 9,000 புதுச் செல்கள் அங்கே உருவாவதாக 2001இல் கணக்கிட்டார்கள். பிறந்தவற்றில் பெரும்பங்கு சில வாரங்களில் செத்துவிடுகிறது. மிஞ்சுவது சுற்றியுள்ள பழைய செல்களோடு இணைப்புப் போட்டு, நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் வேலையில் இறங்குகிறது.

இதையெல்லாம் சொன்னால் சிரித்திருப்பார்கள், அறுபது வருடத்துக்கு முன்னால். நரம்பியலின் தந்தை என்று கொண்டாடப்படும் ஸ்பெயின்காரர் சாந்தியாகோ ரமோன் இ காஹால், முதல் உலகப் போர் தொடங்கிய காலத்திலேயே, வளர்ந்த மூளையின் நரம்புப் பாதைகள் முடிந்துபோனவை, அங்கே சாவு உண்டு, மறுபிறப்பு இல்லை என்று எழுதிவைத்துவிட்டார். பெரியவர் எழுதியது சட்டமாகிவிட்டது. 1962இல் ஜோசப் ஆல்ட்மன், கதிரியக்கம் ஏற்றிய தைமிடினை எலிகளுக்குச் செலுத்தினார். பிளவுபடும் செல் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது அதையும் இழுத்துக்கொள்ளும். மூளையைச் சீவி, புகைப்படப் பால்மம் பூசி இருட்டில் வைத்தால், அந்தச் செல்களின் மேல் கரும்புள்ளிகள் விழும். வளர்ந்த எலியின் நரம்புச் செல்கள் மேலும் புள்ளிகள் விழுந்தன. 1965இல் ஆல்ட்மனும் கோபால் தாஸும் ஹிப்போகேம்பஸைத் தனியாக எடுத்து விரிவாக எழுதினார்கள். மறுத்தவர்கள் குறைவு, பொருட்படுத்தாதவர்களே அதிகம். ஆய்வாளனுக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. 1977இல் மைக்கேல் கப்லன் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அதே செல்களைக் காட்டினார். அவர் கொஞ்ச காலத்தில் ஆய்வை விட்டுவிட்டு மருத்துவம் படிக்கப் போய்விட்டார்.

1985இல் யேல் பல்கலைக்கழகத்தின் பாஸ்கோ ராகிச் 12 ரீசஸ் குரங்குகளை ஆராய்ந்து, வளர்ந்த குரங்கின் மூளையில் புது நியூரான் எதுவும் இல்லை என்று அறிவித்தார். அவருடைய வாதத்தை இளப்பமாக நினைக்கக் கூடாது. வாழ்நாள் முழுவதும் கற்றதைச் சேமித்துவைக்க வேண்டிய மூளை தன் செல்களை மாற்றிக்கொண்டே இருந்தால் சேமிப்பு என்ன ஆகும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதே காலத்தில் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ நோட்டபோம், வளர்ந்த கேனரிக் குருவிகளின் பாட்டு மையத்தில் புது நியூரான்கள் பிறப்பதைக் காட்டிக்கொண்டிருந்தார். அது பறவைக்குப் பொருந்தும் என்று ஒதுக்கிவைத்தார்கள். 1999இல் ராகிச்சின் ஆய்வகமே வளர்ந்த குரங்கின் ஹிப்போகேம்பஸில் புதுச் செல்களைக் கண்டு எழுதியது. தன் முடிவைத் தானே திருத்திய அந்தக் கட்டுரைக்காக அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

இடையில் என்ன நடந்தது என்பதுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். புதுச் செல்கள் பற்றிய பேச்சைத் திரும்ப எழுப்பியவர்கள் அவற்றைத் தேடிப் போனவர்கள் அல்லர். நெருக்கடி ஹார்மோன்கள் மூளையை என்ன செய்கின்றன என்று பார்க்கப் போனவர்கள். அதே ராக்கஃபெல்லரில், புரூஸ் மெக்யூவனின் ஆய்வகத்தில், எலிசபெத் கூல்ட் எலிகளின் அட்ரினல் சுரப்பியை எடுத்துப் பார்த்தார். டென்டேட் கைரஸில் செல் பிறப்பு கூடியது. அட்ரினல் ஹார்மோனைச் செலுத்தினால் குறைந்தது. 1997இல் மரமூஞ்சூறுகளிடம் இதையே வேறு விதமாகச் சோதித்தார்கள். இந்த இனத்தின் தென்னிந்திய உறவுக்குத் தமிழில் மூங்கில் அணத்தான் என்று பெயர். விலங்கியலார் அதற்கு வைத்த ‘அனத்தானா’ என்ற பேரினப் பெயர் நம் சொல்லிலிருந்து போனதுதான். சோதனையில் பயன்பட்டது அதன் தென்கிழக்காசிய உறவு. ஓர் ஆணை, ஏற்கெனவே ஆதிக்கம் பெற்ற இன்னோர் ஆணின் எதிரே விட்டார்கள். தாழ்ந்துபோன விலங்கின் மூளையில் புதுச் செல்கள் பிளவுபடுவது உடனே குறைந்தது. மறு வருடம் மார்மோசெட் குரங்குகளிலும் இதுவே: வேறொருவன் கூண்டில் ஒரு மணி நேரம் அந்நியனாக இருந்தால் போதும்.

ஆகவே இந்தத் துறையின் மறுபிறப்புக்கும் நெருக்கடிக்கும் தொடக்கத்திலிருந்தே தொடர்பு. அந்தத் தொடர்பு சீக்கிரமே ஒரு பெரிய கோட்பாடாக வீங்கியது. தமிழில் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வேலைப்பளுவால் வரும் பதற்றத்தையும் மன அழுத்தம் என்கிறோம். மாதக்கணக்கில் படுக்கையைவிட்டு எழ முடியாமல் செய்யும் நோயையும் மன அழுத்தம் என்கிறோம். இந்தக் கட்டுரையில் முதலாவதை நெருக்கடி என்றும் இரண்டாவதை மனச்சோர்வு என்றும் எழுதுகிறேன். கோட்பாடு இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியது: நெருக்கடி புதுச் செல்களைக் குறைக்கிறது, அவை குறைந்ததால் ஹிப்போகேம்பஸ் சுருங்குகிறது, அதனால் மனச்சோர்வு வருகிறது, மருந்து புதுச் செல்களைக் கூட்டி அதைக் குணப்படுத்துகிறது. இதற்குச் சாதகமாக நல்ல தரவுகளும் வந்தன. 2000இல் யேலில் ரொனால்ட் டூமன் குழுவினர், மனச்சோர்வு மருந்துகளைத் தொடர்ந்து சில வாரம் கொடுத்தால் எலியில் செல் பிறப்பு கூடுகிறது என்று காட்டினார்கள். அந்த மருந்துகள் மனிதரிடம் பலன் தரவும் சில வாரம் ஆகும், கணக்குப் பொருந்தியது. 2003இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரெனே ஹென் குழுவினர், சுண்டெலியின் ஹிப்போகேம்பஸ்மேல் மட்டும் எக்ஸ் கதிர் பாய்ச்சிப் புதுச் செல்களை அழித்தார்கள். அந்த எலிகளிடம் ஃபுளுவாக்ஸிடின் மருந்து வேலை செய்யவில்லை.

அழகான கோட்பாடுதான். இவ்வளவு அழகாக இருப்பதாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அதைக் குலைத்த மூன்று சேதிகளையும் சொல்லிவிட வேண்டும்.

முதலாவது வியட்நாம் போர் வீரர்களைப் பற்றியது. போர் அதிர்ச்சியால் நோய்ப்பட்டவர்களின் ஹிப்போகேம்பஸ் சிறியதாக இருப்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. போர்தான் சுருக்கியது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 2002இல் மார்க் கில்பர்ட்சன் குழுவினர் ஒரே கருவில் தோன்றிய இரட்டையர்களைத் தேடினார்கள். ஒருவர் போர்க்களம் போனவர், மற்றவர் போகாதவர். நோய்ப்பட்ட வீரரின் ஹிப்போகேம்பஸ் சிறியதுதான். போருக்கே போகாமல் வீட்டில் இருந்த அவருடைய இரட்டைச் சகோதரருக்கும் அது சிறியதாகவே இருந்தது. காரணம் என்று நினைத்தது முன்னாலேயே இருந்த பலவீனமாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, கெட்டமின் என்ற மருந்து. மயக்க மருந்தாகப் பயன்படும் இது, சிலருடைய கடும் மனச்சோர்வைச் சில மணி நேரத்திலேயே தணிக்கிறது. அவ்வளவு நேரத்தில் புதுச் செல் ஒன்று பிறந்து, வளர்ந்து, வேலைக்குப் போவது நடக்காத காரியம். மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது எல்லோருக்கும் சங்கடம் தந்தது. 2010இல் டயான் லகாஸ் குழுவினர், புதுச் செல்கள் அழிக்கப்பட்ட சுண்டெலிகளைத் தொடர் தோல்விக்கு உள்ளாக்கினார்கள். அவை பிற எலிகளைவிடக் கூடுதலாக ஒதுங்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. குறைவாகவே ஒதுங்கின. பட்டதை நினைவில் வைத்துக்கொள்வதற்கும் புதுச் செல்கள் வேண்டியிருக்கலாம் என்று அதை வாசிக்கலாம். பட்ட இடத்தை மறக்கிறவன் தேறியவன் ஆவானா என்பது வேறு கேள்வி.

தொடர் தோல்வி என்றேனே, அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் இந்தத் துறையின் பல தரவுகள் அந்தச் சோதனையிலிருந்து வருகின்றன. முரட்டு வெள்ளை எலி ஒன்றின் கூண்டில் சின்னக் கறுப்புச் சுண்டெலியை விடுவார்கள். வெள்ளை எலி பாய்ந்து கடிக்கும். கறுப்பு எலி சில நொடிகள் ஓடிப் பார்க்கும், கீச்சிடும், பிறகு பின்னங்கால்களில் எழுந்து வயிற்றைக் காட்டி நிற்கும்: தோற்றேன் என்று எலி மொழியில் சொல்வது அப்படித்தான். ஐந்து பத்து நிமிடத்தில் பிரித்துவிடுவார்கள். அதோடு விடுவதில்லை. துளையிட்ட பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றைக் கூண்டின் நடுவே செருகி, இரண்டையும் இருபுறமும் வைப்பார்கள். கடிக்க முடியாது, ஆனால் வெள்ளையின் வாசனையும் சத்தமும் நாள் முழுவதும் கறுப்பின்மேல் இருக்கும். மறுநாள் வேறு முரட்டு எலி, வேறு கூண்டு. இப்படிப் பத்து நாள். பிறகு ஒரு திறந்த பெட்டி. ஒரு பக்கத்தில் கம்பி வலைக்குள் முன்பின் பார்க்காத ஓர் எலி. தோற்காத சுண்டெலி நேரே போய் மூக்கை வைத்து மோப்பம் பிடிக்கும். தோற்றவற்றில் பல, எதிர் மூலையில் சுவரோடு ஒட்டி நின்றுவிடும். சில மட்டும், அவ்வளவு பட்ட பிறகும், வலைப்பக்கம் போகும். ஆய்வாளர்கள் அவற்றைத் தாக்குப்பிடித்தவை என்கிறார்கள். ஒரே மரபணு, ஒரே அடி. ஏன் இந்த வேறுபாடு?

2018இல் கிறிஸ்டோஃப் ஆனக்கரும் ரெனே ஹென்னும் ‘நேச்சர்’ இதழில் தந்த பதில்தான் இதுவரை கிடைத்தவற்றில் தெளிவானது என்பது என் கணிப்பு. புதுச் செல்கள் சாகாமல் பிழைக்கும்படி மரபணுவில் ஒரு மாற்றம் செய்து, கூடுதல் புதுச் செல்கள் கொண்ட சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அவை தொடர் தோல்வியை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கின. ஏன் என்று அறிய, அடிபடும் நேரத்திலேயே அவற்றின் டென்டேட் கைரஸுக்குள் நுண்ணிய நுண்ணோக்கியைச் செருகிச் செல்களின் ஒளிர்வைப் பார்த்தார்கள். நெருக்கடி வரும்போது அங்கே ஒரு கூட்டம் பழைய செல்கள் வெடித்துக் கிளம்பும். புதுச் செல்கள் கூடுதலாக இருந்த எலிகளில் அந்தக் கூட்டம் சிறுத்திருந்தது. மருந்தொன்றால் புதுச் செல்களை மட்டும் ஊமையாக்கியபோது பழையவை மறுபடி கொந்தளித்தன, எலி ஒடிந்துபோனது. பழைய செல்களையே நேரடியாக அடக்கினால் எலி தாங்கிக்கொண்டது.

புதுச் செல்களை மூளைக்குக் கிடைத்த புது பலம் என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். இங்கே நடப்பதோ அடக்குவது. சிறுபான்மையான இளம் செல்கள், தடுப்பு நியூரான்கள் வழியாகவும் பிற வழிகளிலும், பெரும்பான்மையான முதிய செல்களைச் சும்மா இருக்க வைக்கின்றன. கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தும்போது ஒன்றும் விளங்காது. ஒவ்வோர் அனுபவத்துக்கும் ஒரு சில செல்களே பேசினால்தான் ஓர் அனுபவத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்க முடியும். ஹென்னின் ஆய்வகத்தில் அமர் சஹாய் 2011இல் காட்டியது இதோடு சேர்த்து வாசிக்க வேண்டியது: புதுச் செல்கள் கூடிய சுண்டெலிகள், ஒன்றுபோல் தோன்றும் இரண்டு இடங்களில் எது ஆபத்தானது, எது இல்லை என்று மற்றவற்றைவிட நன்றாகப் பிரித்தறிந்தன. நேற்று அடித்தவன் வெள்ளை எலி. இன்று வலைக்குள் இருப்பதும் ஓர் எலிதான், ஆனால் அது வேறு எலி. சூடுபட்ட பூனை அடுப்பண்டை போகாது என்கிறோம். அடுப்பு குளிர்ந்து கிடக்கும் நாளிலும் போகாத பூனைக்கு என்ன குறை என்று கேட்டால், பதிலில் ஒரு பகுதி இந்த மடிப்பில் இருக்கக்கூடும்.

மூளையின் இந்த மூலையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதும் தவறு. பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திரா சட்டர்ஜி குழுவினர் 2002இல் கண்டதை இங்கே வைக்க வேண்டும். எலிகளை நாளுக்கு இரண்டு மணி நேரம், பத்து நாள் அசையாமல் கட்டிவைத்தார்கள். ஹிப்போகேம்பஸில் நியூரான்களின் கிளைகள் சுருங்கின. பயத்தின் நரம்பு மையமான அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்தன. நெருக்கடி மூளையை அரித்துத் தேய்க்கிறது என்று மட்டுமே பேசிவந்த காலத்தில், அது ஓரிடத்தைத் தேய்த்து இன்னோரிடத்தைக் கொழுக்கவைக்கிறது என்று காட்டியது பெரிய திருத்தம். அடுத்த செய்தி இன்னும் கனமானது. 21 நாள் ஓய்வு கொடுத்த பின்னும் அமிக்டலாவில் வளர்ந்த கிளைகள் திரும்பிப் போகவில்லை. எலியின் பதற்றமும் போகவில்லை. ஹிப்போகேம்பஸோ ஓய்வு கிடைத்தால் மீளக்கூடியது. நினைவு தேறிவிடும், பயம் தேறாமல் நிற்கும்: இந்த ஏற்றத்தாழ்வை வீடுகளில் நாம் பார்க்காமலா இருக்கிறோம்? விபத்து நடந்து ஒரு வருடம் ஆன பிறகு, எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே பைக்கின் பின் இருக்கையில் உட்கார மறுக்கும் மனிதர் என் குடும்பத்திலேயே உண்டு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் விதிதா வைத்யாவின் ஆய்வகமும் இந்தத் துறைக்கு நிறையத் தந்திருக்கிறது. நாரட்ரினலின் வற்றினால் ஹிப்போகேம்பஸில் செல் பெருக்கமும் குறைகிறது என்று அவர்கள் 2002இல் காட்டினார்கள்.

இனி மனிதருக்கு வருவோம். உயிரோடு இருப்பவரின் மூளையில் ஒரு செல் புதியதா பழையதா என்று பார்க்க இன்றுவரை வழியில்லை. ஸ்கேன் காட்டுவது அளவை மட்டும்தான். ஆகவே சான்றில் பெரும்பகுதி இறந்தவர்களிடமிருந்து. 1998இல் ஸ்வீடனின் பீட்டர் எரிக்சனும் கலிஃபோர்னியாவின் ஃபிரெட் கேஜும் ஐந்து புற்றுநோயாளிகளின் மூளையை ஆராய்ந்தார்கள். கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று அறிய, பிளவுபடும் செல்லில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வேதிப்பொருளை அவர்களுக்கு மருத்துவமனையில் செலுத்தியிருந்தார்கள். அதே பொருள் அவர்களுடைய ஹிப்போகேம்பஸ் நியூரான்களிலும் ஒட்டியிருந்தது. அந்த நோயிலும்.

அடுத்த சான்று அணுகுண்டிலிருந்து வந்தது. 1963இல் தடை ஒப்பந்தம் வரும்வரை வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. காற்றில் கார்பன்-14 ஏறியது. பிறகு வருடா வருடம் இறங்கியது. அந்தக் கார்பனைச் செடி எடுத்தது, செடியை மாடு தின்றது, இரண்டையும் மனிதன் தின்றான். ஒரு செல் பிறக்கும்போது அதன் டி.என்.ஏ.வில் அந்த வருடத்துக் கார்பன் பதிந்துவிடுகிறது. பத்திரத்தில் தேதி முத்திரை விழுந்ததுபோல. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃப்ரிசேன் குழுவினர் இந்த முத்திரையை வாசித்து, ஒவ்வொரு ஹிப்போகேம்பஸிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 நியூரான்கள் சேர்கின்றன என்று 2013இல் கணக்குச் சொன்னார்கள். மூளையின் புறணியை இதே முறையில் சோதித்தபோது அங்கே நியூரான்களுக்கு அந்த மனிதரின் வயதே இருந்தது. மூளை முழுவதும் புதுப்பிக்கப்படுவதில்லை. அந்த மடிப்பைப் போன்ற ஓரிரு இடங்கள் மட்டும்தான்.

இதோடு முடிந்தது என்று நினைத்தார்கள். 2018 மார்ச்சில் ஷான் சோரல்ஸும் ஆர்ட்டூரோ ஆல்வரெஸ்-பூயாவும் 59 பேரின் மூளைத் திசுவைப் பார்த்துவிட்டு, குழந்தைப் பருவத்திலேயே புதுச் செல் பிறப்பு செங்குத்தாக விழுந்துவிடுகிறது, பெரியவர்களிடம் ஒன்றுகூடத் தென்படவில்லை என்று எழுதினார்கள். அடுத்த மாதமே கொலம்பியாவின் மௌரா போல்த்ரினி, 14 முதல் 79 வயதுவரை 28 பேரின் மூளையைப் பார்த்து, முதுமையிலும் பிறப்பு தொடர்கிறது என்றார். இரண்டும் மதிப்புள்ள இதழ்கள், இரண்டும் திறமையான கைகள். மறுவருடம் மாட்ரிடின் மரியா யோரென்ஸ்-மார்ட்டின் சிக்கலில் ஒரு முடிச்சை அவிழ்த்தார். இளம் நியூரானுக்கு அடையாளமாகப் பார்க்கப்படும் டபுள்கார்ட்டின் என்ற புரதம், திசுவைப் பதப்படுத்தும் திரவத்தில் நீண்ட நேரம் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. மூளையை எத்தனை மணி நேரம் ஊறவைத்தார்கள் என்பதைப் பொறுத்துச் செல் உண்டு, இல்லை என்றாகிவிடுகிறது! இந்தச் சண்டையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்: தத்துவ வாதம் போலத் தெரிந்தது கடைசியில் பாத்திரத்தில் ஊறிய நேரக் கணக்கில் வந்து நின்றது. 2025இல் ஃப்ரிசேன் குழுவினர் செல் செல்லாக ஆர்.என்.ஏ.வை வாசித்து, பெரியவர்களின் டென்டேட் கைரஸில் பிளவுபடும் தாய்ச் செல்கள் இருப்பதைக் காட்டினார்கள். அதில் ஒரு விவரம் கவனிக்க வேண்டியது. எல்லோரிடமும் ஒரே அளவில் இல்லை. சிலரிடம் நிறைய, சிலரிடம் இல்லவே இல்லை என்ற அளவுக்குக் குறைவு.

மனிதரில் அந்தச் செல்கள் நெருக்கடியைத் தணிக்கின்றனவா என்பதை யாரும் நேரடியாகக் காட்டவில்லை. எலியில் செய்ததுபோல் ஒரு மனிதனின் புதுச் செல்களை ஊமையாக்கிப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. நடைப்பயிற்சி செய்த முதியவர்களின் ஹிப்போகேம்பஸ் ஒரு வருடத்தில் 2 சதவீதம் பெருத்தது என்ற 2011ஆம் ஆண்டு ஆய்வைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பெருத்தது புதுச் செல்லாலா, ரத்தக் குழாயாலா, பழைய செல்லின் கிளையாலா என்று அந்த ஸ்கேனுக்குத் தெரியாது. நடப்பது நல்லது, அதை நிரூபிக்க இந்தச் செல்களை இழுக்க வேண்டியதில்லை.

சிலரிடம் நிறைய, சிலரிடம் குறைவு என்பதற்குக் காரணம் தேடினால் மறுபடி எலிகளிடம்தான் போக வேண்டும். ஜெர்மனியில் கெர்ட் கெம்பர்மன் குழுவினர், மரபணுவில் ஒன்றுக்கொன்று வேறுபாடே இல்லாத 40 சுண்டெலிகளைப் பல அடுக்குகளும் குழாய்களும் பொம்மைகளும் கொண்ட ஒரு பெரிய கூண்டில் மூன்று மாதம் விட்டுவைத்தார்கள். ஒவ்வொன்றின் தோலுக்கடியிலும் ஒரு சிப். எது எங்கே போகிறது என்று ஆன்டெனாக்கள் குறித்துக்கொண்டே இருந்தன. ஒரே கூண்டில் ஒரே தீனி தின்ற எலிகள், வாரம் போகப்போக வேறுவேறு ஆட்களாகிவிட்டன. சில மூலை முடுக்கெல்லாம் அலைந்தன. சில பழகிய தடத்தைவிட்டு நகரவில்லை. 2013இல் வெளியான அந்தக் கட்டுரையில், அலைந்த எலிகளின் டென்டேட் கைரஸில் புது நியூரான்கள் கூடுதல். அலைந்ததால் கூடியதா, கூடியதால் அலைந்ததா என்று இந்தச் சோதனையால் சொல்ல முடியாது. ஆனால் அலைவதற்கு இடம் இருந்தது. தோற்ற சுண்டெலிகளை அப்படிப்பட்ட வளமான கூண்டில் விட்டால் தேறுகின்றன என்றும், புதுச் செல்களை முன்கூட்டியே அழித்துவிட்டால் அதே கூண்டு பலனளிப்பதில்லை என்றும் 2010இல் அமெரிக்காவில் காட்டியிருந்தார்கள். செல்லும் வேண்டும், கூண்டும் வேண்டும்.

கடைசியாக எலிசபெத் கூல்ட், அப்போது பிரின்ஸ்டனில் இருந்தார். ஓடுவது புதுச் செல்களைக் கூட்டும் என்பது அதற்குள் பாடப்புத்தகச் செய்தியாகிவிட்டிருந்தது. 2006இல் அலெக்சிஸ் ஸ்ட்ரானகனும் அவரும் எலிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதி கூட்டமாக ஒரே கூண்டில். இன்னொரு பகுதி ஆளுக்கொரு கூண்டில் தனியாக. இரண்டுக்கும் சுழலும் சக்கரம் கொடுத்தார்கள். இரவெல்லாம் இரண்டு வகையும் ஓடின. கூட்டத்தில் இருந்தவற்றுக்குப் புதுச் செல்கள் கூடின. தனியாக இருந்தவற்றுக்கு முதலில் குறைந்தன. அவற்றின் ரத்தத்தில் கார்ட்டிகோஸ்டிரோன் ஏறியிருந்தது. கூட்டத்தில் ஓடியவற்றுக்குச் சில நாளில் கிடைத்தது, தனியாக ஓடியவற்றுக்கு வாரக்கணக்கில் ஓடிய பிறகே கிடைத்தது. சக்கரம் ஒன்றுதான். பக்கத்தில் படுத்துக்கொள்ள இன்னோர் எலி இல்லை.